விண்வெளிக்குப் போய்வந்த கிருமியும் பிள்ளைக் காம்பராச் சோறும்

விண்வெளி நிலையத்தின் வெளிப்புறத்தில், காற்றுமில்லாமல் தண்ணீருமில்லாமல், மூன்று வருடம் தாக்குப்பிடித்த ஒரு பக்டீரியாவைப் பசறைக்கு மேலே இருக்கும் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சாட்சி சொல்ல வைத்தவன் நான். அங்கே அதற்கு யாரும் நாற்காலி போடவில்லை. எனக்கும் போடவில்லை. பக்டீரியா அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போதும் காது சூடாகத்தான் இருக்கிறது.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் பத்தாம், பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். அதே தோட்டத்து லயத்தில், வரிசையாகக் கட்டிய ஒற்றைக் காம்பரா ஒன்றில் பிறந்து, பதுளைக்குப் போய்ப் படித்து, ஏதோ பெரிய ஆளாகிவிட்ட நினைப்பில் அங்கேயே திரும்பி வந்தவன். இப்போது மேல் டிவிஷனுக்குப் பக்கத்தில் தனி வீடு. 'சேர்' என்று கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு சொல்லுக்கு நான் கொடுத்துக்கொள்ளும் மரியாதை கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள்.

பாடப் புத்தகத்தில் எனக்குப் பிடித்த பகுதி நுண்ணங்கிகள். புத்தகத்தில் இருப்பது நாலைந்து பக்கம். நான் அதை நாலைந்து வாரத்துக்கு இழுப்பேன். டின்னில் அடைத்த இறைச்சியில் ஓர் உயிரும் மிஞ்சக் கூடாது என்று கதிர்வீச்சு பாய்ச்சினார்களாம். டின் கெட்டுப்போனது. திறந்து பார்த்தால் உள்ளே ஒரு பக்டீரியா குடும்பம் நடத்திக்கொண்டிருந்ததாம். துண்டு துண்டாகச் சிதறிய தன் மரபணுவைச் சில மணி நேரத்தில் பொறுக்கி ஒட்டிக்கொள்ளும் இனம் அது. அந்த வம்சத்தைத்தான் பிறகு விண்வெளிக்கு அனுப்பினார்கள். மகாஓயாப் பக்கம் வெந்நீர்க் கிணற்றுக்குச் சுற்றுலா போனபோது, பிள்ளைகள் எல்லாரும் கால் நனைத்துக் கூச்சல் போட, நான் மட்டும் வாய்க்காலில் படிந்திருந்த வழுவழுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சுடுதண்ணீரில் குடியிருக்கும் சீவன்கள். அந்தக் கையாலேயே சாப்பாட்டுப் பார்சலையும் பிரித்தேன். பசறைக்குத் திரும்பும் வழியில் பஸ்ஸை மூன்று தரம் நிறுத்த வேண்டி வந்தது. சுகாதாரம் படிப்பிக்கிறவனின் இலட்சணம் இதுதான்.

எல்லாவற்றிலும் எனக்கு உயிரானது வித்தி. சில பக்டீரியாக்கள், நிலைமை மோசமானால், தண்ணீரை வெளியே தள்ளிவிட்டு உள்ளதையெல்லாம் சுருட்டிக்கொண்டு தடித்த உறைக்குள் படுத்துவிடும். அந்த நிலைக்குத்தான் வித்தி என்று பேர். சாப்பிடாது, வளராது, பெருகாது, சும்மா கிடக்கும். அப்படிப்பட்ட வித்திகள் ஆறு வருடத்துக்குக் கிட்ட விண்வெளியில் கிடந்துவிட்டு வந்து, தீனி கொடுத்ததும் எழுந்து வேலையைப் பார்த்தன. இதை விளக்குவதற்காக ஒருநாள் வகுப்பில் மேசைமேல் ஏறிக் காலை மடக்கிப் படுத்து, ஒரு கம்பளியால் தலைமுதல் கால்வரை போர்த்திக்கொண்டேன். கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் மழைக்கும் குளிருக்கும் தலையோடு போட்டுக்கொள்ளும் அந்தக் கறுப்புக் கம்பளிதான். அந்த நேரம் பார்த்துப் பள்ளிக்கூட அதிபர் உள்ளே வந்தார். "சேருக்கு மேலுக்கு முடியலையா?" என்று கேட்டார். ஒரு பிள்ளை எழும்பி, "இல்லீங்க சேர், சேர் இப்ப விண்வெளியில இருக்காரு" என்றது.

இவ்வளவும் தெரிந்த அதே ஆள்தான் அந்தப் பலகையையும் எழுதினான்.

சுகாதார வாரத்துக்குத் தோட்டத்தின் மூன்று பிள்ளைக் காம்பராக்களிலும் மாட்டுவதற்குப் பலகை எழுதித் தரச் சொன்னார்கள். தாய்மார் மலைக்குக் கொழுந்து எடுக்கப் போகும்போது கைப்பிள்ளைகளையும் சின்னப் பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போகும் இடம் அது. வாசலில் 'சிறுவர் அபிவிருத்தி நிலையம்' என்று எழுதியிருக்கும். வாயில் எல்லாருக்கும் 'புள்ளக் காம்பரா'தான். நான் இரண்டு இரவு யோசித்து, எதுகை பார்த்து, மோனை பார்த்து, பச்சைப் பெயின்டில் எழுதினேன்:

'கொதித்த சோற்றில் கிருமி இல்லை, குழந்தைக்கு என்றும் குறையே இல்லை.'

கீழே சின்ன எழுத்தில் என் பேரும் போட்டேன். சின்ன எழுத்து என்று நான் சொல்கிறேன். ரோட்டிலிருந்தே வாசிக்கலாம்.

மேல் டிவிஷன் பிள்ளைக் காம்பராவுக்கு ஓர் ஆயம்மா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லயத்தில் எங்கள் காம்பராவுக்கு மூன்றாவது காம்பராவில் இருந்தவர். எனக்கு அக்கா. நான் அவருக்குச் 'சேர்', கோபம் வந்தால் 'தம்பி'. இருபது வருடம் கொழுந்து எடுத்துவிட்டு, முழங்கால் முடியாமல் பிள்ளைக் காம்பராவுக்கு வந்தார். பதினாறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் அழுதால் எந்த அழுகை பசி, எந்த அழுகை பொய் என்று அடுப்படியிலிருந்தே சொல்லிவிடுவார். பலகை மாட்டிய அன்றைக்கு இடுப்பில் ஒரு பிள்ளையோடு நின்று வாசித்தார்.

"நல்லாத்தான் இருக்கு சேர். இதுக்கு முன்னாடி நாங்க பச்சரிசியவா புள்ளைங்களுக்குப் போட்டுக்கிட்டு இருந்தோம்?"

அன்றே புரிந்திருக்க வேண்டும். நான் பெயின்ட் காய்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதுவரை மூன்று டிவிஷனிலும் அந்தந்த ஆயம்மாவே பகல் பதினொரு மணிக்கு உலை வைப்பார். பிள்ளைகள் பன்னிரண்டு மணிக்குச் சுடச்சுடச் சாப்பிடும். போன வருடம் விறகு மிச்சம் பிடிக்க வேண்டும் என்று ஆபீஸில் ஒரு புது ஏற்பாடு வந்தது. மூன்று டிவிஷனுக்கும் சேர்த்து மேல் டிவிஷன் அடுப்பிலேயே விடியக்காலை ஐந்து மணிக்குச் சமைத்துவிட வேண்டும். ஆட்களைப் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் பதிந்து வேலை பிரிக்கும் இடத்துக்கு, ஏற்றிப் போகும் டிராக்டரிலேயே பெரிய அலுமினியப் பானைகள் நடு டிவிஷனுக்கும் கீழ் டிவிஷனுக்கும் போகும். எல்லாப் பிள்ளைகளும் பன்னிரண்டு மணிக்கே சாப்பிட வேண்டும். ஒரே அடுப்பு, ஒரே நேரம். காகிதத்தில் பார்க்க அழகான ஏற்பாடு. காகிதம் பன்னிரண்டு மணிவரை சோற்றைக் கட்டிக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருக்காது.

ஐந்து மணிக்கு ஆக்கிய சோறு பன்னிரண்டு மணிக்கு ஆறிப்போயிருக்குமே என்று ஆயம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் மலையில் மழைக்காலத்தில் ஆறின சோறு கல்லு மாதிரி இருக்கும். அதனால் பானையை மூடி, தன் பழைய கம்பளி இரண்டை நன்றாகத் துவைத்து, பானையைச் சுற்றி இறுக்கிக் கட்டி அனுப்பினார். கீழ் டிவிஷனில் மூடியைத் திறந்தால் வெதுவெதுவென்று இருக்குமாம். தாய்மார் கும்பிட்டார்கள். நானும் பாராட்டினேன். "அக்கா, நீங்கதான் உண்மையான விஞ்ஞானி" என்று சொன்னதாக ஞாபகம். இல்லை, ஞாபகம் என்ன ஞாபகம், சொன்னேன்.

ஒரு புதன்கிழமை விடாத மழை. மீரியபெத்த மண்சரிவுக்குப் பிறகு இந்தப் பக்கத்தில் மழை பிடித்தால் எல்லாரும் ஒரு கண்ணை மேட்டிலேயே வைத்துக்கொண்டுதான் நடப்பார்கள். அன்றைக்கு நடு டிவிஷனைத் தாண்டிய திருப்பத்தில் மண் சரிந்து ரோட்டில் விழுந்தது. நடு டிவிஷன் பானையை இறக்கிவிட்டு வந்த டிராக்டர், கீழ் டிவிஷன் பானையோடு நடுவழியில் நின்றது. மண்ணை வெட்டி ஒதுக்கி, டிராக்டர் கீழே போய்ச் சேரும்போது பகல் ஒரு மணி தாண்டிவிட்டது. பசியில் கத்திக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குக் கீழ் டிவிஷன் ஆயம்மா உடனே சோறும் பருப்பும் பிசைந்து ஊட்டினார்.

மூன்று மணிக்கு முதல் பிள்ளை வாந்தி எடுத்தது. நாலு மணிக்குள் பதினொரு பிள்ளைகள். தாய்மார் கொழுந்துப் பையை மலையிலேயே போட்டுவிட்டு ஓடி வந்தார்கள். நான் பின்னேர வகுப்பு முடிந்து வரும் வழியில் அதே டிராக்டர் எதிரே வந்தது. பின்பெட்டியில் தாய்மார், மடியில் பிள்ளைகள், துணி முழுக்க வாந்தி. ஒரு பிள்ளையின் தலை தாயின் தோளில் துவண்டு கிடந்தது. அந்தத் தலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வேடிக்கையாக எதுவும் எழுத வருவதில்லை.

தோட்டத்து டிஸ்பென்சரியில் உப்பும் சீனியும் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். இரண்டு பிள்ளைகளைப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கடவுள் புண்ணியத்தில் அடுத்த நாள் பதினொன்றும் எழும்பி விளையாடத் தொடங்கிவிட்டன. பிள்ளைகள் எழும்பியதும் பழியும் எழும்பியது.

டிஸ்பென்சரி ஐயா துண்டுக் காகிதத்தில் எழுதினார்: 'சரிவரக் கொதிக்க வைக்காத உணவு.' அந்தச் சோற்றில் ஒரு பருக்கையைக்கூட அவர் பார்க்கவில்லை. பானையைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு, "கொதிச்சிருந்தா கிருமி இருக்காதே" என்றாராம். எங்கே படித்தாராம்? டிஸ்பென்சரிக்குப் போகும் வழியில் இருக்கும் பிள்ளைக் காம்பராவில், பச்சைப் பெயின்டில்.

வியாழக்கிழமை ஆபீஸிலிருந்து ஆள் வந்து மேல் டிவிஷன் பலகையைக் கழற்றிக்கொண்டு போனார். ஆயம்மாவை வேலைக்கு வர வேண்டாம் என்று நிறுத்தினார்கள். ஒரு கடிதமும் அடித்து வைத்தார்கள். உணவைக் கொதிக்க வைக்காமல் கவனக்குறைவாக நடந்துகொண்டேன் என்று அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்து வைக்க வேண்டும். வைத்தால் மன்னித்து மலை வேலைக்கு மாற்றுவார்கள். வைக்காவிட்டால் வேலையே இல்லை.

அன்று பின்னேரம் ஆயம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"தம்பி, ஒரு கேள்வி கேக்குறேன். மழுப்பாமப் பதில் சொல்லணும்."

'தம்பி' என்றதுமே நானும் எழும்பி நின்றேன்.

"கொதிச்சா கிருமி இருக்காதுன்னு எழுதினீங்க. சரி. நான் கொதிக்க வச்சேன். உலை பொங்கி அடுப்பு அணைஞ்சு, திரும்ப ஊதி எரிச்சேன். அப்புறம் புள்ளைங்க ஏன் வாந்தி எடுத்துச்சு? ரெண்டுல ஒண்ணு பொய்யி. நான் பொய்யா? பலகை பொய்யா?"

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். "கொஞ்சம்... கொதி பத்தாம இருந்திருக்குமோ அக்கா?"

நுண்ணங்கிகளைப் பற்றி நாலு வாரம் பாடம் எடுக்கிற வாய் அது.

அவர் கத்தவில்லை. கத்தியிருக்கலாம். "அரை வேக்காட்டுச் சோத்த ரெண்டு வயசுப் புள்ளை வாயில வச்சதும் துப்பிரும் தம்பி. அதுக்குப் பலகை வாசிக்கத் தெரிய வேண்டியதில்ல" என்றார். பிறகு சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "மலைக்குப் போறது எனக்குக் கேவலமில்ல. இருவது வருஷம் போனவதான். முழங்காலு போனாப் போகுது. ஆனா வேகாத சோத்தப் போட்டேன்னு கையெழுத்து வச்சிட்டு, எந்தத் தாய் மூஞ்சில நான் முழிக்கிறது? நேத்து வரைக்கும் என் கையில புள்ளையக் குடுத்திட்டு திரும்பிப் பாக்காமப் போனவளுக, இன்னைக்கு வழியில பாத்தா புள்ளையத் தூக்கி அந்தப் பக்க இடுப்புல வச்சுக்கிறாளுக" என்றார்.

அவரே தொடர்ந்தார். "எம் புள்ளைங்க பதினாறும் அதே உலையிலதான தின்னுச்சு? ஒண்ணுக்காவது ஏதாவது வந்துச்சா? அத ஆபீசுல சொன்னா, 'உன் புள்ளைகளுக்கு மட்டும் நல்லா ஆக்கியிருக்கே, மத்தவங்களுக்கு ஏனோதானோன்னு ஆக்கியிருக்கே'ங்கிறாங்க."

"உங்க பிள்ளைகளுக்கு எத்தனை மணிக்குக் குடுத்தீங்க?"

அவர் ரோட்டுப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வெளிய சொல்லிராதீங்க சேர். பன்னண்டு மணிக்குத்தான் குடுக்கணும்னு சட்டம். நான் எட்டரைக்கே குடுத்துருவேன். தணல் மேலயே வச்சிருந்து, கை வைக்க முடியாத சூட்டுல ஊதி ஊதிக் குடுப்பேன். பகலுக்குத் தாய்மாரு குடுத்துவிட்ட ரொட்டியப் பிச்சுக் குடுத்துக்குவேன்."

அப்போதுதான் என் மண்டைக்குள் மேசைமேல் கம்பளி போர்த்திப் படுத்திருந்த ஒருவன் எழும்பி உட்கார்ந்தான்.

அரிசியில் வித்திகள் எப்போதும் உண்டு. மண்ணிலிருந்து நெல்லோடு வருகிறவை. உலை கொதிக்கும்போது மற்றக் கிருமிகள் சாகும்; உறைக்குள் சுருண்டு கிடக்கும் வித்தி சாகாது. கடலடியில் கொதிநிலையையும் தாண்டிய சூட்டில் வாழும் நுண்ணங்கிகள் இருக்கும் உலகத்தில், எங்கள் மலையில் நூறு பாகை தொடுவதற்கு முன்னமே கொதித்துவிடும் தண்ணீர் அதை என்ன செய்துவிடும்? சோறு கொதிசூட்டில் இருக்கும்வரை அது எழும்பாது. நன்றாகக் குளிர்ந்து போனாலும் சுலபமாக எழும்பாது. வெதுவெதுப்பு வர வேண்டும். வந்ததும் உறையை உடைத்துக்கொண்டு பெருகும். பெருகும்போது சோற்றில் நஞ்சையும் விடும். மேல் டிவிஷன் பிள்ளைகள் சூட்டிலேயே சாப்பிட்டன. நடு டிவிஷன் பிள்ளைகள் நூலிழையில் தப்பின. கீழ் டிவிஷன் பானை எட்டு மணி நேரம் கம்பளிக்குள் இருந்தது. பிள்ளைகள் ஆறின சோறு தின்னக் கூடாது என்று ஆயம்மா போர்த்திய கம்பளி, கிருமிக்கும் குளிராமல் பார்த்துக்கொண்டது.

இதை நான் சொன்னபோது அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "அப்ப என் கம்பளியா?" என்றார்.

"ஐந்து மணிக்கு ஆக்கச் சொன்னதுதான் அக்கா. கம்பளி இல்லாட்டியும் அந்தச் சோறு அவ்வளவு நேரம் கிடக்கக் கூடாது."

"அப்ப உங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

தெரியும். பதினோராம் ஆண்டுக்குத் தெரியும். மூன்று பிள்ளைக் காம்பராக்களுக்குத்தான் தெரியாது. பெரிய பிள்ளைகளுக்கு விண்வெளியும், தாய்மாருக்கும் ஆயம்மாமாருக்கும் எதுகை மோனையும் என்று நான் பிரித்து வைத்திருந்தேன். அவர்களுக்கு இவ்வளவு விளங்காது என்று நானே முடிவு செய்திருந்தேன். ஆபீஸ்மேல் எனக்கு இருக்கும் கோபத்தில் ஒரு பங்கை எனக்கே வைத்துக்கொள்ளச் சொல்லும் இடம் இதுதான்.

சனிக்கிழமை விசாரணை. ஆபீஸில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. வேலைக்காரர்கள் உள்ளே போவதில்லை. விறாந்தையில் நின்று ஜன்னல் வழியாகப் பேச வேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய ஜன்னல். அவன் போய்ச் சேர்ந்தும் ஜன்னல் போகவில்லை. கையில் இருக்கும் போனில் உலகத்தின் எந்த மூலையில் இருக்கிறவனோடும் முகம் பார்த்துப் பேசலாம். தோட்டத்தை நடத்தும் எங்கள் தொரையோடு பேச மட்டும் கம்பிக்கு இந்தப் பக்கம் குனிய வேண்டும். கீழ் டிவிஷன் தாய்மாரையும் முறைப்பாட்டுக்காரர்களாக வரச் சொல்லியிருந்தார்கள். ஏழெட்டுப் பேர் பிள்ளைகளோடு ஆயம்மாவுக்கு ஓரடி தள்ளியே நின்றார்கள்.

படித்தவன் என்று என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கே ஒரு நாற்காலி இருந்தது. அதில் என் பலகை உட்கார்ந்திருந்தது.

பெரிய தொரை என்னைவிட வயதில் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முடிவை முதலிலேயே அடித்து வைத்துவிட்டு விசாரிக்கிறவர்.

"சேர், இது நீங்க எழுதினதுதானே? உங்க பேர் பெருசாவே இருக்கு."

"நான்தான் எழுதினேன். அது பிழை."

"எழுத்துப் பிழையா?"

"விஷயமே பிழை தொரை. கொதிச்சாலும் சாகாத கிருமி இருக்கு."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தச் சபையில் எனக்கு நிறுத்த வரவில்லை. இறைச்சி டின்னில் தொடங்கி, கதிர்வீச்சுக்குப் போய், கடலடிக்கு இறங்கி, அங்கிருந்து ஒரே தாவில் விண்வெளிக்கு ஏறினேன். மூன்று வருடம், ஆறு வருடம், வெற்றிடம், புற ஊதாக் கதிர் என்று கையை விரித்து நான் மிதந்துகொண்டிருக்கும்போது தொரை பேனாவை மூடி வைத்தார்.

"அப்ப நம்ம கீழ் டிவிஷன் சோத்துக்குக் கிருமி ராக்கெட்லயா வந்துச்சு சேர்?"

கிளாக்கர்மார் சிரித்தார்கள். டிஸ்பென்சரி ஐயா கொஞ்சம் அதிகமாகவே சிரித்தார். வேறொருவனுக்குச் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். பதினொரு பிள்ளைகள் துவண்டு கிடந்த விஷயத்தில் அந்த அறையில் எல்லாருக்கும் சிரிக்க முடிந்தது என்பதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிரிப்பு அடங்கும்போது ஜன்னல் கம்பிக்கு வெளியே ஆயம்மாவின் குரல் கேட்டது.

"தொரைங்க, ஸ்டோருக்குப் பின்னாடி மானாப்புல்லு மலை இருக்குல்ல? போன வெயிலுக்குத் தீப்புடிச்சுக் கரிக்கட்டையாப் போச்சு. நீங்கதான் ஆளுங்கள அனுப்பி அணைக்கச் சொன்னீங்க."

"ஆமா. அதுக்கென்ன?"

"இப்ப அங்க என்னா இருக்கு?"

தொரை தன்னை அறியாமல் பக்கத்து ஜன்னல் வழியாகப் பார்த்தார். மலை முழுக்க ஆளுயரத்துக்கு மானாப்புல்.

"மேல எல்லாம் எரிஞ்சுதான் போச்சு. வேரு உள்ள கிடந்துச்சு. மழை பேஞ்சதும் வந்திருச்சு. சேரு சொல்ற கிருமியும் அந்த மாதிரிதாங்க. நான் போட்ட தீயில கொறை இல்ல. எட்டு மணி நேரம் வெதுவெதுன்னு கிடந்ததுதான் அதுக்கு மழை."

நான் விண்வெளிவரை போய்த் தொட முடியாததை அவர் ஸ்டோருக்குப் பின்னாலேயே தொட்டுவிட்டார்.

டிராக்டர் டிரைவரை யாரும் கேட்கவில்லை. அவராகவே விறாந்தைக் கோடியிலிருந்து குரல் கொடுத்தார். "அது நெசந்தாங்க. மண்ணு வெட்டுற வரைக்கும் குளிருக்கு நான் அந்தப் பானையிலதான் முதுகச் சாச்சுக்கிட்டு இருந்தேன். பன்னண்டு மணிக்குக்கூட ஒத்தடம் குடுத்த மாதிரி இருந்துச்சு."

"கம்பளி சுத்தினது யாரு?" என்றார் தொரை.

"நாந்தாங்க."

"அப்ப தப்பு உங்களோடதுதானே?"

என் காது அந்த இடத்தில்தான் சூடானது. வாயைத் திறந்தேன். ஆயம்மா ஜன்னலுக்கு வெளியே கையைக் காட்டி என்னை அடக்கினார், பதினாறு பிள்ளைகளை அடக்குகிற அதே கை.

"கம்பளி சுத்தினேன்னு எழுதுங்க, கையெழுத்து வைக்கிறேன். எம் புள்ளைகளுக்குச் சட்டத்த மீறி எட்டரைக்கே குடுத்தேன்னும் எழுதுங்க, அதுக்கும் வைக்கிறேன். பதினொரு மணி உலைய அஞ்சு மணிக்கு வைக்கச் சொன்னது யாருன்னும் அதுலயே எழுதிருங்க. கொதிக்க வைக்கலன்னு எழுதினா மட்டும் வைக்க மாட்டேன்."

தொரை ஒன்றும் எழுதவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னார். ஆனால் விறாந்தையில் ஒன்று நடந்தது. கீழ் டிவிஷன் தாய் ஒருத்தி, பதுளைக்குப் போய் வந்த பிள்ளையின் தாய், ஓரடி இந்தப் பக்கம் வந்து ஆயம்மாவுக்குப் பக்கத்தில் நின்றாள். பிள்ளை இடுப்பிலிருந்து கையை நீட்டி ஆயம்மாவின் பாசிமாலையைப் பிடித்து இழுத்தது. அவளும் விலக்கவில்லை.

திங்கட்கிழமை பெரட்டுக்குக் கீழ் டிவிஷன் தாய்மார் எல்லாரும் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டே வந்து நின்றார்கள். கங்காணி வேலை பிரிக்கப் பேர் கூப்பிட்டார். யாரும் நகரவில்லை. "புள்ளைய எங்க விடுறது? பானைக்கிட்டயா?" என்று ஒருத்தி கேட்டாளாம். பத்து மணிக்கெல்லாம் ஆபீஸிலிருந்து சொல் வந்துவிட்டது. மூன்று டிவிஷனிலும் பழையபடி பதினொரு மணிக்கு உலை. 'தற்காலிகமாக' என்றார்கள். மேல் டிவிஷன் ஆயம்மா நாளையிலிருந்து வேலைக்கு வரலாம். விண்வெளியும் மானாப்புல்லும் செய்யாததை, மலையில் பறிக்க ஆளில்லாமல் நின்ற கொழுந்து இரண்டு மணி நேரத்தில் செய்தது.

பிழை நடந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. அடித்து வைத்த கடிதத்தைக் கிழித்ததாகவும் சொல்லவில்லை. ஆயம்மா ஒன்றே ஒன்று கேட்டார்: நான் கொதிக்க வைத்துத்தான் ஆக்கினேன் என்று ஒரு துண்டு எழுதித் தாருங்கள். அதற்காக ஜன்னலுக்கு மூன்று தரம் போனார். "அதான் வேலை குடுத்தாச்சே, இன்னும் என்ன?" என்றார்கள். பதினொரு பிள்ளைகளின் வாந்திக்கு ஒரே நாளில் கடிதம் அடிக்க முடிந்த ஆபீஸுக்கு, ஒரு பொம்பளையின் பேரைத் திருப்பிக் கொடுக்க ஒரு துண்டுக் காகிதம் கிடைக்கவில்லை.

பலகையை மட்டும் டிராக்டரில் அனுப்பிவைத்தார்கள். என் வாசலில் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பின்னேரம் ஆயம்மா வந்தார். இந்த முறை தானாகவே உட்கார்ந்தார்.

"பெயின்ட் இருக்கா சேர்?"

இருந்தது. பழையதை அழித்துவிட்டு நான் எழுதத் தொடங்கினேன். வித்தி, வெப்பநிலை, நுண்ணங்கிப் பெருக்கம் என்று மூன்றாவது வரிக்கு வந்தபோது அவர் பெருமூச்சு விட்டார்.

"புள்ளைங்க பெருசாயி மலைக்குப் போறதுக்குள்ள முடிச்சிருவீங்களா?"

பிறகு அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'ஆக்கின சோத்தைச் சூட்டோடு கொடு. மூடி வைத்துக் காத்திருக்காதே.' எதுகையுமில்லை, மோனையுமில்லை. அடியில் இடமிருந்தது. வழக்கம்போல என் பேரைப் போடத் தூரிகையைக் கொண்டு போனேன். அவர் பலகையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அங்க வேற ஒண்ணு எழுதணும்."

அவர் சொன்னதைப் பெரிய எழுத்தில் எழுதினேன். மற்ற இரண்டு பலகையையும் கழற்றி வரச் சொல்லி, அவற்றிலும் எழுதினேன்: 'மேல் டிவிஷன் ஆயம்மா நன்றாகக் கொதிக்க வைத்துத்தான் ஆக்கினார்.'

ரோட்டிலிருந்தே வாசிக்கலாம். கொழுந்துப் பையோடு போகிற எல்லாரும் வாசிக்கிறார்கள். போன மாதம் ஆபீஸிலிருந்து ஒரு கிளாக்கர் வந்து, "அந்தக் கடைசி வரிய மட்டும் அழிச்சிருங்க சேர், வெளியாளுங்க வந்து பாத்தா என்னா ஏதுன்னு கேக்குறாங்க" என்றார்.

நல்ல பெயின்ட் தம்பி, லேசில் போகாது என்றேன். வேண்டுமானால் கழற்றிக்கொண்டு போய்க் கொதிக்க வைத்துப் பாருங்கள்.